பல்லி என்ற சொல் இல்லாத நோட்டீஸ்

விளம்பரம் எழுத வந்திருக்கிற உங்களுக்கு அடிப்படைப் பாடம் சொல்லிக்கொடுங்கள் என்று என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். தலைப்பு எப்படி இருக்க வேண்டும், முதல் வரியில் ஆளை எப்படி நிறுத்த வேண்டும், கடைசி வரியில் என்ன செய்யச் சொல்ல வேண்டும், இதெல்லாம் நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். நேற்று நீங்கள் எழுதிக் காட்டியதையும் பார்த்தேன். எந்தத் தாளைத் திருப்பினாலும் ‘தரமான’ என்று ஒரு சொல். அதைக் கண்டுபிடித்த மனிதரை நிறுத்தி வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. தரமில்லாத சரக்கு விற்கிறோம் என்று எந்தக் கடைக்காரராவது போர்டு வைத்திருக்கிறாரா?

கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. நானும் அதை எழுதியவன்தான். அதனால் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு சோடா கம்பெனிக்கு நோட்டீஸ் எழுதிய கதையைச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் பயந்துகொண்டே செய்த வேலைகள் எனக்கு நிறைய உண்டு. அவற்றில் அதிகம் பயந்து செய்தது இதுதான்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள். சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஓர் அச்சகத்தில் இருந்தேன். கல்யாணம், சடங்கு, கடை திறப்பு, பதினாறாம் நாள் காரியம், எதற்கு வந்தாலும் விஷயத்தைக் கேட்டு எழுதிக்கொடுப்பது என் வேலை. வருகிறவர்கள் “நாலு வரி நல்லா போட்டு எழுதுங்க” என்பார்கள். அந்த நாலு வரி என்ன என்பது அவர்களுக்கும் தெரியாது, பல நாள் எனக்கும் தெரியாது. அச்சக முதலாளிக்கு மட்டும் ஒரு கொள்கை இருந்தது. “கையில வாங்குனவன் அத மடிச்சு விசிற ஆரம்பிக்கதுக்குள்ள படிச்சு முடிச்சிரணும் வே” என்பார். அதைவிடச் சுருக்கமாக இந்தத் தொழிலை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் அவர் தைரியசாலி இல்லை. வந்த வாடிக்கையாளர் முகம் கோணாமல் திரும்ப வேண்டும், அது ஒன்றுதான் அவருடைய கவலை.

செல்லையாவின் சோடா கம்பெனி புளியங்குடி ரோட்டில் இருந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓடு போட்ட ஒரு நீளக் கட்டடம், கையால் சுற்றுகிற சோடா மெஷின், கோலி பாட்டில் அடுக்கிய மரப்பெட்டிகள். செல்லையா மெஷின் சுற்றுவார், சைக்கிளில் பெட்டி கட்டிக் கடைகடையாகக் கொண்டுபோய்ப் போடுவார். அவர் மனைவி முப்புடாதி பாட்டில் கழுவுவாள், கலர் என்று எங்கள் பக்கம் சொல்கிற இனிப்புச் சோடாவுக்குச் சாறு கலப்பாள். இரண்டே பேர்தான் கம்பெனி.

அவர்களுக்கு முதல் நோட்டீஸ் எழுதியதும் நான்தான். “தரமான, சுவையான, சுகாதாரமான” என்று செல்லையா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அவர் போனதும் மூன்றையும் அடித்துவிட்டு, ‘காலையில் புளியங்குடிச் சந்தையில் ஏலம் போன எலுமிச்சை, மத்தியானம் உங்கள் கையில்’ என்று போட்டேன். அது உண்மை. அவர் விடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் எலுமிச்சை எடுத்து வருவதை நானே பார்த்திருக்கிறேன். “என்ன அண்ணாச்சி, கம்பெனி பேர விட எலுமிச்ச பேரு பெருசா இருக்கு” என்று செல்லையா முகத்தைத் தூக்கிக்கொண்டார். ஆனால் பெட்டிக்கடைகளில் ஆட்கள் “காலை எலுமிச்சக் கலர் ஒண்ணு குடும்” என்று கேட்க ஆரம்பித்ததும் சமாதானமாகிவிட்டார். கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு விஷயத்தைச் சொன்னால் படிக்கிறவர் மிச்சத்தைத் தானே நினைத்துக்கொள்வார். இதை நீங்கள் ஒரு வருஷத்தில் கற்றுக்கொண்டுவிடுவீர்கள். இனி சொல்லப்போவதை நான் கற்றது அதற்கப்புறம் வந்த நாலு நாளில்.

சித்திரை வெயில். கல்யாண மாசம். கலருக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. அந்த நேரம் பார்த்துத் தறிக்காரர் ஒருவரின் சின்ன மகள் செல்லையா போட்ட கலரைக் குடித்துவிட்டு வாந்தி எடுத்தாள். நிற்கவே இல்லை. திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாட்டிலுக்குள் பல்லி கிடந்தது என்று அந்தத் தெருவில் யாரோ சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் அடுத்த தெருவுக்கும் தெரிந்துவிட்டது.

அதோடு நின்றிருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நிற்க விடாமல் செய்தவர் செல்லையாதான். மனுஷனுக்கு ஆத்திரம். மறுநாள் காலையில் ஒரு குதிரை வண்டியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ஊருக்குள் விட்டுவிட்டார். “பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. எங்கள் கலரில் பல்லி விழுந்ததாகச் சொல்வது முழுப் பொய். பல்லி விழவில்லை. பல்லி விழவே இல்லை” என்று வண்டி தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. சங்கதியே தெரியாத வீட்டுப் பெண்கள் ஈரக்கையோடு வாசலுக்கு வந்து, “எதுல பல்லி விழுந்துச்சாம்?” என்று கேட்டார்கள். வண்டி பனவடலிசத்திரம் ரோடு வரைக்கும் போய்த் திரும்பியது. மத்தியானம் பார்த்தால் கரிவலம்வந்தநல்லூர்க் கடைக்காரர்கள்கூடப் பெட்டிகளை வெளியே எடுத்து வைத்து, வந்து தூக்கிட்டுப் போங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. ஒருவன் பேரில் ஒரு பழி வந்தால் ஊரைக் கூட்டி மறுத்தாக வேண்டும். சும்மா இருந்தால் ஒத்துக்கொண்ட மாதிரி. செல்லையா அதைத்தான் செய்தார். ஆனால் பயந்துபோன ஆளுடைய காதில் ‘இல்லை’ ஏறாது. பல்லிதான் ஏறும். மறுப்பு எழுதச் சொல்லி உங்களிடமும் ஒரு நாள் யாராவது வருவார்கள். அன்றைக்கு அந்தக் குதிரை வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்று பிற்பகல் புருஷனும் பெண்டாட்டியும் அச்சகத்துக்கு வந்தார்கள். செல்லையாவின் சட்டை தோளில் நனைந்து ஒட்டியிருந்தது. முப்புடாதி உள்ளே வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை. எப்போதும் என்னைப் பார்த்தால் “என்ன அண்ணாச்சி, எழுத்தெல்லாம் தீந்து போச்சா?” என்று கேலி பேசுகிறவள்.

“பெரிய எழுத்துல போடணும் அண்ணாச்சி” என்றார் செல்லையா. “இது எதிரிகளின் சதின்னு போடுங்க. எங்க கலரு பரிசுத்தமானது, பச்சப் பிள்ளைக்கும் குடுக்கலாம்னு போடுங்க. சாயங்காலத்துக்குள்ள ஊரு பூரா போயிரணும்.”

“போட்ருவோம், போட்ருவோம்” என்றார் முதலாளி. “மெஷின் சும்மாதான் கெடக்கு.”

நான் பேனாவை எடுக்கவில்லை. “செல்லையா, பாட்டில்ல நெசமாவே பல்லி கெடந்துச்சா?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஓங்கி அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. “நீங்களுமா கேக்கிய?” என்றார். முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “வேலை வந்தா செய்யணும் வே. விசாரிக்கது நம்ம சோலி இல்ல” என்றார்.

வாசலில் இருந்து முப்புடாதி பேசினாள். “எனக்குத் தெரியாது அண்ணாச்சி.”

“ஏட்டி, வாய மூடு” என்றார் செல்லையா.

அவள் மூடவில்லை. “அன்னைக்குக் கழுவுனது நான்தான். விடியதுக்கு முந்தி, உள்ள இருட்டா இருந்துச்சு. ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுத்தான் வைப்பேன். அன்னைக்கு எல்லாத்தையும் தூக்கிப் பாத்தேனான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். பாத்த மாதிரியும் இருக்கு, பாக்காத மாதிரியும் இருக்கு. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா நான் இருக்க மாட்டேன்.”

“நேத்துலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல அவளுக்கு” என்றார் செல்லையா. குரல் இறங்கிவிட்டது. “வியாபாரம் கெடக்கு. இவள எனக்கு என்ன செய்யன்னு தெரியல.”

அதன் பிறகு அந்த நோட்டீஸ் எனக்கு வேறு ஒன்றாகத் தெரிந்தது. ஊர் நம்புமா நம்பாதா என்பது ஒரு பக்கம். இந்தப் பெண் தன் கையாலேயே ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டு நிற்கிறாள். குழந்தை எப்படி இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

செல்லையா கேட்டபடியே ஒன்று எழுதிப் பார்த்தேன். எழுதியதை யாரிடமாவது வாசித்துக் காட்டுவது என் பழக்கம். பெரும்பாலும் அச்சு மெஷின்காரரிடம் வாசிப்பேன். அன்று மனசுக்குள் அந்தக் குழந்தையின் தகப்பனாரை நிறுத்தி வைத்து வாசித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார், கையில் இந்த நோட்டீஸ். ‘பச்சைக் குழந்தைக்கும் கொடுக்கலாம்.’ உள்ளே அவருடைய குழந்தை. நோட்டீஸை யாருக்கு எழுதுகிறோம் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வாங்கப்போகிற ஆளுக்கு என்று. அவரை எழுதும்போது நினைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்த பிறகு, அதைப் படித்தால் யாருக்கு நெஞ்சு வெடிக்குமோ அந்த ஆளுக்கு வாசித்துப் பாருங்கள்.

தாளைக் கிழித்துப்போட்டேன். “பிள்ள எப்படி இருக்குன்னு தெரியாம ஒரு எழுத்து அச்சேறக் கூடாது முதலாளி” என்றேன். முதலாளிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “நீரு எழுதலைன்னா அடுத்த பிரஸ்ஸுக்காரன் எழுதுவான் வே. வாடிக்கையும் போயிரும்” என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த வேலை போனால் என்னை வைத்திருப்பாரா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் செல்லையா வேறு பிரஸ்ஸுக்குப் போகவில்லை. வாசலில் நின்ற பெண்டாட்டியைப் பார்த்தார், “அப்ப திருநெல்வேலி போவமா அண்ணாச்சி?” என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவரும் நானும் போனோம். ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியைச் செல்லையா விடவே இல்லை. “அடிப்பாவளா?” என்று கேட்டார். “அடிச்சா வாங்கிக்கிடுவோம்” என்றேன். எனக்கு மட்டும் என்ன தைரியமா இருந்தது? “ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க. கலரப் பத்தி நீங்க வாயத் தொறக்கக் கூடாது. பிள்ளைய மட்டும் கேளுங்க” என்று சொல்லிவைத்தேன். முதல் வரி எப்படி இருக்க வேண்டும் என்று இன்று யார் என்னிடம் கேட்டாலும் அந்த பஸ்தான் ஞாபகம் வருகிறது. எதிரில் இருப்பவர் மனசில் எது ஓடுகிறதோ அதைப் பேச வேண்டும். நம் சங்கதிக்கு அப்புறம் இடம் கிடைத்தால் கிடைக்கும்.

குழந்தையின் தகப்பனார் ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் குத்தவைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். செல்லையா அப்படியே நின்றுவிட்டார். வாய் மட்டும் கோணிக்கொண்டு வந்தது.

“பிள்ள எப்படி இருக்கா?” என்று ஒருவழியாகக் கேட்டார்.

“விடியக்காலம் கண்ணத் தொறந்தா” என்றார் அவர். “கஞ்சி கேட்டா. குடிச்சா. இப்பத் தூங்குதா.”

செல்லையா தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்தத் தகப்பனாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. “நீரு எதுக்குவே அழுதீரு, எந்திரியும்” என்று அவர் தோளைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “என்னத்தால வந்துச்சுன்னு டாக்டருக்கே தெரியல. அன்னைக்கு மாங்கா தின்னா, ஐஸ் தின்னா, கலரும் குடிச்சா. வெயில்லயும் கெடந்து ஆடுனா. பல்லிய நான் பாக்கல. அடுத்த வீட்டு இசக்கியம்மா பாத்தேன்னு சொன்னா.”

செல்லையா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எனக்கும் உடனே தலைப்பு ஓடியது. ‘பல்லியை நான் பார்க்கவில்லை: குழந்தையின் தகப்பனாரே சொல்கிறார்.’ இதைவிட ஒரு தலைப்பு இந்தத் தொழிலில் கிடைக்குமா? பேனா சட்டைப் பையில் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். தூங்காத கண், கசங்கின வேட்டி, மகள் பிழைத்த நிம்மதி. அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

அதனால்தான் கேட்க முடியவில்லை. மாட்டேன் என்று சொல்லத் தெம்பு இல்லாதவரிடம் வாங்குகிற சாட்சி சாட்சியா? உங்கள் காலத்தில் இது இன்னும் சுலபமாகிவிட்டது. ஒருவர் முகம், ஒருவர் பேச்சு, உடனே எடுத்துப் போட்டுவிடலாம். போடுவதற்கு முன்னால் அவர் மறுக்கிற நிலையில் இருந்தாரா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். நான் “பிள்ளையப் பாத்துக்கிடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு செல்லையாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் அவர் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக முப்புடாதியிடம் குழந்தை பிழைத்ததைச் சொன்னோம். அவள் சாமி கும்பிட்டாள். ஆனால் சாப்பிட்டாளா என்றால் இல்லை. “நல்லாருக்கட்டும். ஆனா என்னாலயா இல்லையான்னு தெரியலையே” என்றாள். அவளுக்குத் தெரியாது. குழந்தையின் தகப்பனாருக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத ஒன்றை நம்புங்கள் என்று நான் எப்படி எழுதுவேன்?

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நம்பச் சொல்ல வேண்டாம். வந்து பார்க்கச் சொல்லலாம். பயப்படுகிறவர்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்கள்? எங்கோ ஓர் இருட்டு அறையில், யாரோ ஒரு தண்ணீரில், யாரோ கழுவின பாட்டில். அதில் எதையெல்லாம் வெளியே கொண்டுவர முடியும் என்று யோசித்தேன். எழுதியது இவ்வளவுதான்:

‘நாளை காலை முதல் எங்கள் பாட்டில்களைத் தெரு வாசலில் வைத்துக் கழுவுகிறோம். வந்து பாருங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு செம்பில் கொண்டு வாருங்கள். அந்தத் தண்ணீரிலேயே கலர் போட்டுத் தருகிறோம். குடிக்க மனமில்லை என்றால் குடிக்க வேண்டாம்.’

பல்லி இல்லை, சதி இல்லை, பரிசுத்தம் இல்லை. முதலாளி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “குடிக்க வேண்டாம்னு எவனாவது விளம்பரம் போடுவானா வே? கடைசி வரிய எடும்” என்றார். எடுக்கவில்லை. மிரண்டு நிற்பவரைக் கையைப் பிடித்து இழுத்தால் ஓடத்தான் பார்ப்பார். போவதற்கு வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தால் கொஞ்ச நேரம் நிற்பார். இதை அன்றைக்கு அவருக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை, பிடிவாதம் மட்டும் பிடித்தேன்.

அச்சுக்குப் போகும் முன் முப்புடாதியிடம் வாசித்துக் காட்டினேன். வாசலில் உட்கார்ந்து கழுவப்போகிறவள் அவள்தானே. கேட்டுவிட்டுத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எல்லாரும் என் கையத்தான் பாப்பாவ, இல்லையா?”

“ஆமா.”

“யாரும் வரலைன்னா?”

நான் பதில் சொல்லும் முன் அவளே, “கழுவுதேன்” என்றாள்.

நோட்டீஸை ஊருக்குள் மட்டும் கொடுத்தோம். ஸ்பீக்கர் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். காலையில் நான் போனபோது பெரிய தொட்டியையும் சோடா மெஷினையும் வாசலுக்கு இழுத்து வந்திருந்தார்கள். முப்புடாதி தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பாட்டிலையும் வெயிலில் தூக்கிப் பார்த்து வைத்தாள். எதிரே டீக்கடையில் கூட்டம். ஆண்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள், பெண்கள் போகிற போக்கில் நடையைக் குறைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர் கையிலும் செம்பு இல்லை.

எழுதியது வெளியே போன பிறகு எழுதினவனுக்கு வேலை இல்லை. அதைப் போலக் கொடுமை வேறு கிடையாது. வெயில் ஏறிக்கொண்டே போனது. முப்புடாதி கழுவின பாட்டிலையே எடுத்து மறுபடி கழுவுகிறாள் என்பதைக் கவனித்தேன். முதலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “சும்மா குடுக்கோம்னு சொன்னா வருவாவ வே” என்றார். செல்லையா, “வண்டியக் கூப்பிட்டு ஒரு சத்தம் குடுப்பமா அண்ணாச்சி?” என்றார். இரண்டு பேருக்கும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னேன். பொறுத்தால் வருவார்கள் என்று எனக்கு என்ன நிச்சயம்? ஒன்றும் கிடையாது. அவள் உட்கார்ந்திருக்கும் கோலத்தைப் பார்க்கப் பார்க்க, இப்படி நடுத்தெருவில் கொண்டுவந்து வைத்துவிட்டோமே என்று எனக்கு அழுகை முட்டியது.

உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் முந்தி ஒரு பெண் செம்போடு வந்தாள். அவளைப் பார்த்ததும் டீக்கடையில் பேச்சு நின்றது. “இசக்கியம்மா” என்று செல்லையா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பல்லியைப் பார்த்ததாகச் சொன்ன அந்த அடுத்த வீட்டுக்காரி. சண்டை போட வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் செம்பைக் கீழே வைக்கவில்லை. “பாட்டிலக் கழுவு” என்றாள்.

முப்புடாதி கழுவினாள். தூக்கிக் காட்டினாள்.

“இன்னொரு தடவ.”

கழுவினாள். இசக்கியம்மாள் பாட்டிலை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்து, கோலி இருக்கிற கழுத்துப் பக்கம் கண்ணை வைத்துப் பார்த்தாள். பிறகுதான் செம்பை நீட்டினாள். அவள் வீட்டுத் தண்ணீரை ஊற்றி, எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து, செல்லையா மெஷினைச் சுற்றினார். நிரப்பி எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் கோலியை அமுக்கினாள். கேஸ் சத்தத்தோடு நுரை வந்து அவள் விரலில் வழிந்தது.

அவள் குடிக்கவில்லை. பாட்டிலை முப்புடாதியிடம் நீட்டினாள். “நீ குடி.”

கேட்கக்கூடியதுதான். நான் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும், எதிர்பார்க்கவில்லை. அதைவிட, முப்புடாதி தயங்குவாள் என்று எதிர்பார்க்கவில்லை. பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். ஊர் பார்க்கிறது, கலர் போடுகிறவளே தன் கலரைக் குடிக்கப் பயப்படுகிறாள். செல்லையா “குடிட்டி” என்று முணுமுணுத்தார். அவள் காதில் விழவில்லை. இத்தனை நாளும் நான் ஊருக்கு எழுதினேன், குழந்தையின் தகப்பனாருக்கு வாசித்தேன். முதலில் நம்ப வேண்டியவள் இங்கே இருந்திருக்கிறாள். அவளுக்கு நான் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதியிருக்கவும் முடியாது.

கண்ணை மூடிக்கொண்டு வாய் வைத்துக் குடித்தாள். இரண்டு மடக்கு குடித்ததும் கண்ணீர் வந்துவிட்டது. பாட்டிலைத் தாழ்த்தினாள்.

இசக்கியம்மாள் அவள் கையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். எங்கள் பக்கம் ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வாய் வைப்பதில்லை. சொந்தத்துக்குள்ளேயே அண்ணாந்துதான் குடிப்போம். அவள் முந்தானையால் துடைக்கவுமில்லை, அண்ணாக்கவுமில்லை. அப்படியே வாய் வைத்து மிச்சத்தைக் குடித்து முடித்தாள்.

“நான் என்னத்தப் பாத்தேன்னு எனக்கே தெரியலட்டி” என்றாள் பிறகு. “பிள்ள துடிச்ச துடிப்புல வாயில வந்துட்டு. பல்லியோ, பாட்டிலுக்குள்ள நெழலோ. அன்னைலருந்து எனக்கும் தூக்கமில்ல.”

“எனக்கும் தெரியலக்கா” என்றாள் முப்புடாதி.

டீக்கடையில் இருந்து ஒருவர் வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தார். இன்னொருத்தி இடுப்புக் குடத்தோடு அப்படியே திரும்பி வந்தாள். கொஞ்ச நேரத்தில் செம்புகள் வந்தன. எவர்சில்வர், பித்தளை, ஒரு பெரியவர் கையில் லோட்டா. முதலாளி என் பக்கத்தில் வந்து, “அடுத்த வீட்டுக்காரியே எச்சிப் பாட்டில்ல குடிச்சா வே. இத அப்படியே போட்டு ஒரு நோட்டீஸ் அடிச்சம்னா...” என்று ஆரம்பித்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். முப்புடாதி தொட்டியை விட்டு எழுந்துவிட்டாள். விட்டுவிட்டுப் போகப்போகிறாள் என்று நினைத்தேன்.

“எனக்குப் பசிக்கு” என்று செல்லையாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பழைய சோற்றைக் கும்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். வெயிலில் நின்ற யாரும் சீக்கிரம் வா என்று சொல்லவில்லை. அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எல்லோரும் செம்போடு காத்திருந்தார்கள்.